ஆற்றில் தண்ணீர் வந்த காலையில் யாருக்கு நன்றி சொல்வது?

பேரேடு:

கும்பகோணத்துக்குப் பக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். கோயிலுக்குப் போவேன், ஆனால் அர்ச்சனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் போகிறவன். பக்தி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் கிடையாது.

போன ஆனியில், மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் படித்துறைக்கு வந்தது. விடியற்காலை நடைக்குப் போயிருந்தேன். மணலில் முதலில் ஒரு கறுப்புக் கோடுதான் தெரிந்தது. கிட்டே வர வர நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு. இவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு குழந்தை தவழ்கிற வேகத்தில் வந்தது. ஒவ்வொரு குழியிலும் நின்று நிரப்பிவிட்டுத்தான் அடுத்த குழிக்கு நகர்ந்தது. மணல் குடிக்கிற சத்தம் கேட்டது.

அதே நேரம் கரை மண்டபத்தில் ஒரு பையன் நாகசுரம் சாதகம் செய்துகொண்டிருந்தான். பூபாள ராகம். ஒரே பிடியை நாற்பது தடவை வாசித்திருப்பான். தைவதம் என்கிற ஸ்வரத்தில் வந்து வந்து சறுக்கினான். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டபோதும் சறுக்கிக்கொண்டுதான் இருந்தான். அழகாக வாசித்திருந்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைகள் தாமாகக் குவிந்தன. யாரைப் பார்த்து என்று தெரியாமல், துண்டால் முகம் துடைப்பதுபோல் இறக்கிவிட்டேன்.

கணக்கெழுதியவனுக்கு இது உறுத்துகிறது. காசோலையில் கையெழுத்து விழுந்துவிட்டது. பெறுபவர் பெயர் காலியாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

வில்வம்:

இதில் என்ன சந்தேகம் ஐயா? அவனன்றி ஓர் அணுவும் அசையாது. குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வையுங்கள், உறுத்தல் போய்விடும்.

மழைமானி:

அணுவை விடுங்கள். குடகில் பெய்த மழைக்குச் சொல்லுங்கள். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குக் கல் சுமந்தவர்களுக்குச் சொல்லுங்கள். மதகைத் திறந்த ஊழியருக்கும் சேர்த்து. பெறுபவர் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. அந்த ஒற்றைச் செருப்பை வீசியவருக்கு மட்டும் வேண்டாம்.

கெண்டை:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகசுர வாசிப்பு. அதனால் ஒரு தகவல். அந்தப் பையன் வாயில் வைத்திருந்த சீவாளி, காவிரிக் கரையில் விளைகிற கொறுக்கைப் புல். திருவாவடுதுறைப் பக்கத்தில் அதை வெட்டி, காயவைத்து, வேகவைத்து, தட்டையாக்கி நூல் சுற்றுவார்கள். குழல் ஆச்சா மரம். எங்காவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் உத்தரக் கட்டை கிடைக்குமா என்று நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் விசாரிப்பார்கள். புது மரத்தில் வெடிப்பு விழும். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புல்லுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

காய்ந்த சீவாளி பேசாது. எச்சிலில் ஊறினால்தான் வாய் திறக்கும். உங்கள் ஆறும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

என் அப்பா வாசிக்க உட்காருமுன் சீவாளியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாமி கும்பிடுகிறார் என்றே நினைத்திருந்தேன். பத்து வயதில் ஒருநாள் கேட்டேன். "பிள்ளையாருக்கு அப்புறம்தான். முதலில் புல்லுக்கு" என்றார்.

வில்வம்:

பொங்கல் என்று அவசரப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள். கெண்டை எழுதியதைப் படித்ததும் அப்பர் ஞாபகம் வந்தது. நீற்றறையில் அடைத்தபோது பாடியதாகச் சொல்கிறார்கள். ஈசன் அடிநிழல் எதைப்போல இருக்கிறது என்றால் மாசில்லாத வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு முரலும் பொய்கை என்கிறார். சுண்ணாம்புச் சூட்டில் இருந்தவருக்கு வீணையும் குளமும்தான் நினைவுக்கு வந்திருக்கின்றன. ஐந்தில் ஒன்றுகூடக் கோபுரம் இல்லை. இத்தனை வருடம் ஓதியும் நான் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

பேரேடு:

எல்லாருக்கும் வணக்கம். மழைமானியின் பட்டியலைத் தாளில் எழுதிப் பார்த்தேன். மேலே புல்லைச் சேர்த்தேன். ஒரு வரியைக் காலியாகவே விட்டிருக்கிறேன், வில்வம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்று காலை மண்டபத்துக்குப் போய், "தம்பி, சீவாளி எங்கே வாங்கினாய்?" என்று கேட்டேன். பையன் பதறி எழுந்துவிட்டான். "சத்தம் தொந்தரவாக இருக்கிறதா தாத்தா? நாளையிலிருந்து அக்கரைக்குப் போய்விடுகிறேன்" என்றான். வேண்டாம், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

தைவதம் இன்னும் சரியாகவில்லை.