எஷெத் ஹயில்: 'குணசாலி' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'குணசாலியான ஸ்திரீ' என்று விவிலியத்திலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் தமிழாக்கிவரும் யூத சமயச் சொற்பட்டியலில் 'எஷெத் ஹயில்' என்ற இந்த ஒரு வரியை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீதிமொழிகள் 31:10 முதல் 31 வரை வரும், யூதர்கள் வெள்ளி இரவில் பாடும் பாட்டின் தொடக்கச் சொற்கள் இவை. மூன்று நாளாகிவிட்டது.

'எஷெத்' என்றால் பெண், மனைவி. அதில் வம்பில்லை. 'ஹயில்'தான் படுத்துகிறது. வலிமை, படை, செல்வம், திறமை எல்லாம் அதற்குள் அடக்கம். இன்றைய எபிரேயத்தில் சிப்பாயைக் குறிக்கும் 'ஹயால்' அதே வேர். நம் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டுங்கள். நியாயாதிபதிகள் 6:12இல் தேவதூதன், இஸ்ரவேலருக்காகப் போரிடப்போகும் கிதியோனை இந்தச் சொல்லோடு அழைக்கிறான், தமிழில் 'பராக்கிரமசாலியே'. ரூத் 2:1இல், ரூத் என்ற விதவையைப் பின்னால் மணக்கும் போவாஸுக்கும் இதே சொல், அங்கே 'ஆஸ்திக்காரன்'. அடுத்த அதிகாரத்தில் அந்தப் போவாஸே ரூத்தைப் பார்த்து இதே சொல்லைச் சொன்னால் 'நீ குணசாலி'. ஆணென்றால் பராக்கிரமம், ஆஸ்தி, பெண்ணென்றால் குணம்!

குணம் மட்டமென்று சொல்லவரவில்லை. நீதிமொழிகள் 31இல் வருகிறவள் என்னென்ன செய்கிறாள் பாருங்கள்: வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து விற்கிறாள், கச்சைகளை வணிகரிடம் ஒப்படைக்கிறாள், இல்லாதவனுக்குக் கை நீட்டிக் கொடுக்கிறாள். அவளை நம்பிய கணவனுக்கு எது குறையாது என்று 11ஆம் வசனம் சொல்கிறதோ, அதற்கு மூலத்தில் உள்ள சொல் 'ஷலால்', போரில் அள்ளிவந்த கொள்ளைப்பொருள். தமிழில் அது 'சம்பத்து' என்று சாதுவாகிவிட்டது. லத்தீன் பெயர்ப்பு 'வலிய பெண்' என்கிறது, மலையாளம் 'சாமர்த்தியமுள்ள' என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிடக் கிட்டே போயிருக்கிறார்.

(இடைச்செருகல்: 10 முதல் 31 வரை 22 வசனங்களும் எபிரேய அகரவரிசையில் தொடங்குகின்றன. ஆத்திசூடி படித்த நமக்கு இது புதிதா என்ன?)

> 'வீராங்கனை' என்று வைத்துவிடலாமே.

வைக்கலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை விளையாட்டுப் பக்கம் குத்தகைக்கு எடுத்துவிட்டது. கபடி வீராங்கனை, பாட்மின்டன் வீராங்கனை. தவிர, பாட்டில் எதிரி என்று யாரும் இல்லை.

> குறள் 56இல் வரும் 'சோர்விலாள்' பொருந்துமா?

அம்மா, இதை விட எனக்கு மனமே வரவில்லை. 'இரவிலே அவள் விளக்கு அணையாதிருக்கும்' என்ற வரிக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனாலும் அது களைப்பில்லாமையைச் சொல்கிறதே தவிர, வலிமையைச் சொல்லவில்லை.

நியூ ஜெர்சியில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாலை யூத நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவருடைய அம்மா சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்திகள், துணி போர்த்திய இரண்டு ஹல்லா என்ற ஓய்வுநாள் ரொட்டிகள். திராட்சை ரச ஆசீர்வாதத்துக்கு முன்னால் எல்லோரும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். யாரைப் பாடினார்களோ அந்த அம்மா மட்டும் உட்காரவில்லை. வெள்ளி மாலையே தொடங்கிவிடும் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாதென்று முன்பே சுடுதட்டில் ஏற்றிவைத்த சூப்பு என்னவாயிற்று என்று பார்க்க உள்ளே போய்விட்டார். 'குணசாலி' என்றால் அந்த அம்மாவே சிரித்திருப்பார்.

இன்னொரு கோணமும் உண்டு. வெள்ளி இரவுப் பாட்டாக இதைப் பரப்பிய கபாலா மறைஞானியர், இந்தப் பெண்ணை 'ஷெகினா' என்ற இறைப்பிரசன்னமாகவும் படித்தார்கள். ஆகவே நாம் வைக்கும் சொல் சமையற்கட்டோடு நின்றுவிடக் கூடாது.

என் முன்மொழிவு: திறலாள். 'திறல்' பழஞ்சொல், வலிமையும் வெற்றியும் அதில் இருக்கின்றன, 'திறம்' காதில் பக்கத்திலேயே ஒலிக்கிறது. கிதியோனைத் 'திறலோன்' என்றால் இணையும் சரியாக விழுகிறது. செல்வம் என்ற பொருள் மட்டும் நழுவுகிறது. அதை விளக்கக் குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவு இப்படி இருக்கட்டும்: எஷெத் ஹயில் – திறலாள், பழைய வழக்கு: குணசாலியான ஸ்திரீ.

பன்மையில்தான் இடிக்கிறது. 'திறலாளர்' என்றால் ஆண்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். 'திறல்மகளிர்' என்று போடலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டியலை மூடவேண்டும்.