மறு: அறங்காவலர் வேண்டாம், ‘கையடையாளர்’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று அக்கா கேட்டிருந்தார்:

> அறங்காவலர் என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது ஃபிடூசியரிக்குப் புதுசாக எதற்கு?

ஃபிடூசியரி என்றால் பிறர் பணத்தை அவர்கள் நலனுக்காகவே காக்கக் கடமைப்பட்டவர். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். ஆசிரியர் ஓய்வூதிய வாரியங்களை வெளிநாடுகளில் எப்படிச் சீர்திருத்தினார்கள் என்று ஒரு சின்னக் கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன் அல்லவா, அதன் முதல் படியைத் திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். “வாரியத்தின் 11 அறங்காவலர்களும்” என்ற இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். “எந்தக் கோயில் தம்பி இது?” பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் வேறென்ன கேட்பார்? அந்தச் சொல்லுக்குள் பரிவட்டமும் திருவிழா அழைப்பிதழும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டன.

கோயிலைக்கூட விடுங்கள், எனக்கு அதில் ‘அறம்’தான் உதைக்கிறது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் ஓய்வூதியத்துக்கான பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியையும் கூட்டி, நூற்றுக்குப் பத்து. அது அவர் காசு. அவர் காசைக் காப்பவருக்கு அறம் செய்கிறவர் என்று பட்டம் கட்டினால் கணக்குக் கேட்கவே வாய் கூசாதா?

> ‘வாரிய உறுப்பினர்’ என்று விட்டுவிடலாமே?

தம்பி எழுதியிருந்த இது எளிமைதான். ஆனால் சீர்திருத்தத்தின் உயிர்நாடியே அந்த இடத்தில் போய்விடுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1990 வரை ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணம், சந்தையில் விற்க முடியாத பத்திரங்களாக மாகாண அரசிடமே கடனாகக் கிடந்தது. அப்புறம்தான் தனி வாரியம் வந்தது. இன்று அரசு ஐந்து பேரை அனுப்புகிறது, ஆசிரியர் கூட்டமைப்பு ஐந்து பேரை அனுப்புகிறது, தலைவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. நாற்காலியில் உட்காரும் வரைதான் ஒருவர் இன்னாருடைய ஆள். உட்கார்ந்த பிறகு அனுப்பியவருக்காகப் பேசக்கூடாது.

கலிஃபோர்னியாவில் இது இன்னும் சுவாரசியம். ஆசிரியர் ஓய்வூதிய வாரியத்தில் 12 பேர். மூவரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஐவரை ஆளுநர் நியமிக்கிறார், நால்வர் பதவி வழியாக வருகிறவர்கள். அந்த நால்வரில் மாநில நிதித்துறை இயக்குநரும் ஒருவர். காலையில் பட்ஜெட்டில் விழுந்த துண்டை எப்படி அடைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர், மதியம் வாரியக் கூட்டத்தில் அதை மறந்தாக வேண்டும். ஓய்வூதியதாரருக்கு ஆற்ற வேண்டிய கடமை மற்ற எந்தக் கடமைக்கும் முந்தியது என்று 1992-இல் அந்த மாநில அரசமைப்பிலேயே வாக்காளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். இந்த ‘முந்தியது’ சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘உறுப்பினரில்’ அது இல்லை. போதாததற்கு, சந்தா கட்டும் ஆசிரியரும் உறுப்பினர்தான்.

சரி, வேறென்ன? ‘ஒப்படைப்புக் கடமை’ என்று நானே முதலில் எழுதினேன். பி.எட். படித்தவர்கள் எல்லாரும் ஒப்படைவு என்றதும் ராத்திரி உட்கார்ந்து எழுதிய அசைன்மென்ட்டை நினைத்துக்கொள்கிறார்கள். ‘அடைக்கலம்’ பொருத்தமாகத்தான் இருந்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியை ஆய்ச்சி மாதரியிடம் விட்ட கதையை விடவா? அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி தீயில் இறங்கினாள் (எந்த வாரியத்திடமும் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை). ஆனால் இன்றைய செய்தித்தாளில் அடைக்கலம் என்றால் அகதி.

மனசைச் சொன்னால், எனக்குப் பிடித்தது ‘அமானிதம்’. பரங்கிப்பேட்டையில் என் நண்பர் வீட்டு பீரோவில் ஒரு துணிப்பை இருக்கிறது. வளைகுடாவுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போன நகை. அவசரத்துக்கு அடகு வைத்து மீட்டுக்கொள்ளலாமே என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். “அமானிதம்ப்பா” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கவில்லை. நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளுக்கு வெளியே பலருக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

அதனால் ‘கையடை’. காக்கும்படி ஒருவர் கையில் கொடுத்த பொருள். தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். முனிவர் தன் வேள்வியைக் காக்கத்தானே பிள்ளையைக் கூட்டிப்போனார், இது கையடையா என்று யாராவது மடக்கக்கூடும். மடக்கட்டும். சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம், முனிவரை விட்டுவிடுவோம். கையடையாளர், கையடைக் கடமை, கையடை மீறல் என்று கிளைக்கவும் செய்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்று பழமொழியே வைத்திருக்கிறோம்.

கையூட்டு மாதிரி காதில் விழுகிறது என்று ஒருவர் சொன்னதை மறுக்க முடியவில்லை. பழகினால் போய்விடும் என்பது என் கட்சி.

இன்று காலை தலைமையாசிரியரிடம் திருத்திய படியைக் காட்டினேன். “கையடையாளரா, அப்படின்னா?” என்றார். “காசு உங்களுது, கை அவருது” என்றேன். “அதையே அடிக்குறிப்புல போட்டுடு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். போட்டிருக்கிறேன், பக்கத்தில் அமானிதமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது, மறுப்பு உள்ளவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள்.