மெயில் வருது, போகமாட்டேங்குது. மேனேஜருக்கு மட்டும் போகுது!

அச்சுமை கேட்டது:

வணக்கம். சிவகாசியில சின்னதா ஒரு ஆஃப்செட் அச்சகம் வச்சிருக்கேன். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாடல் ஆல்பம் போட்டதுல இருந்து காலண்டர் சீசன் ஓடுது. தினமும் பத்துப் பதினஞ்சு ப்ரூஃப் (அடிக்கிறதுக்கு முன்னாடி சரிபாக்கக் கொடுக்கிற மாதிரி) பார்ட்டிங்களுக்குப் போகணும். இந்த நேரம் பாத்து மெயில் படுத்துக்கிச்சு.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருஷமா பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த மெயில் முகவரியத்தான் வச்சிருக்கேன். விசிட்டிங் கார்டு, பில் புக் எல்லாத்துலயும் அதுதான். நாங்க அடிக்கிற காலண்டர்ல டின் பட்டைக்குக் கீழ ஓரமா வர்றதும் அதுதான். போன வாரம் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்தாரு, வேகம் பிரமாதம். பழைய கனெக்‌ஷனை இன்னும் சரண்டர் பண்ணலை, மோடத்தை மட்டும் கழட்டி வச்சிருக்கேன்.

அன்னையில இருந்து மெயில் வருது, ஆனா போகலை. விண்டோஸ் 10, அவுட்லுக் 2013. எதை அனுப்பினாலும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் பேர்ல திரும்பி வந்துடுது. உள்ள "554 5.7.1 ரிலே அக்சஸ் டினைடு"ன்னு இருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க மேனேஜருக்கு அனுப்பினா போகுது! அவருக்கும் அதே கம்பெனி மெயில்தான். சரி, லைன்தான் கோளாறுன்னு போன் ஹாட்ஸ்பாட்ல போட்டேன். அதுல 554 வரலை, ரொம்ப நேரம் சுத்திட்டு டைம் அவுட் ஆயிடுது, மெயில் அவுட்பாக்ஸ்லயே கிடக்குது.

கஸ்டமர் கேர்ல ரெண்டு தடவை பாஸ்வேர்டு மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். ஒண்ணும் ஆகலை. யாராவது சொல்லுங்க, பார்ட்டிங்களுக்கு வாட்ஸாப்புல ப்ரூஃப் அனுப்பி அனுப்பி, கலர் மங்கலா இருக்குன்னு திட்டு வாங்கறேன்.

தென்றல்77:

ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிப் பாருங்க பாஸ். எனக்கு ஒரு தடவை அதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

ஓட்டைமோடம்:

ஜிமெயிலோட எஸ்எம்டிபி சர்வரை, அதான் மெயில் அனுப்பற சர்வரை, போட்டுடுங்க அண்ணே. ஆப் பாஸ்வேர்டு எடுத்தாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை.

தூத்துக்குடி சர்வர்காரன்:

தென்றல், 554ங்கிறது எதிர்முனை சர்வர் வாயைத் திறந்து சொன்ன பதில். பேச்சு அங்க வரைக்கும் போயிருக்கு. ஆன்டிவைரஸ் மேல பழி போடாதீங்க.

மோடம் தம்பி, ஜிமெயில் வழியா அனுப்பினா, செண்ட் மெயில் அஸ்ங்கிற செட்டிங்ல பதிஞ்சு வைக்காத முகவரிய அது தன் ஜிமெயில் முகவரியாவே மாத்தி அனுப்பும். பதிஞ்சு வச்சாலும் வம்பு இருக்கு. தன் பேர்ல எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு கம்பெனி போட்டு வைக்கிறதுதான் எஸ்பிஎஃப் பட்டியல், அதுல அந்த பிராட்பேண்ட் கம்பெனி கூகுளைச் சேர்த்திருக்காது. சில பார்ட்டிங்களுக்கு ப்ரூஃப் ஸ்பாம்ல போய் உக்காரலாம். சீசன்ல அது தேவையா?

அச்சுமை அண்ணாச்சி, உங்க கேள்வியிலயே பதில் இருக்கு. மேனேஜருக்குப் போகுது, வெளிய போகலைன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் துப்பு. கம்பெனி சர்வரை லாரி ஆபீஸ்னு வச்சுக்கங்க. அவங்க குடோன்லயே டெலிவரி ஆகிற பார்சலை யார் கொண்டுவந்து போட்டாலும் வாங்கிக்குவாங்க. வெளியூருக்கு ஏத்தணும்னா மட்டும், நம்மகிட்ட கணக்கு வச்ச ஆளான்னு பாப்பாங்க. அப்படி மத்தவங்க சர்வருக்கு ஏத்தி விடறதுதான் ரிலே.

இத்தனை வருஷமா உங்ககிட்ட பாஸ்வேர்டு கேக்காமலே ஏத்தினாங்க. எப்படின்னா, நீங்க அவங்க லைன்ல இருந்து வந்தீங்க. லைனுக்குக் கொடுத்திருக்கிற எண்ணை, அதான் ஐபி முகவரியப் பாத்து நம்ம ஆள்னு விட்டுட்டாங்க. இப்ப கேபிள்காரர் ஐபியில இருந்து போறீங்க. அவங்களுக்கு நீங்க வழிப்போக்கர். பாஸ்வேர்டை எத்தனை தடவை மாத்தினாலும் பிரயோஜனம் இல்லை, அனுப்பும்போது அவுட்லுக் அதைக் காட்டவே இல்லையே! மெயில் வாங்கும்போது மட்டும்தான் காட்டுது. அதனாலதான் வர்றது வருது.

ஹாட்ஸ்பாட் கதை வேற. போர்ட்ங்கிறது சர்வரோட கதவு எண் மாதிரி, நீங்க இன்னும் 25ஆம் போர்ட்ல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். ஸ்பாமுக்குப் பயந்து 25ஐ வெளிய விடாத நெட்வொர்க் நிறைய உண்டு. அங்க லாரி ஆபீஸ் வாசலுக்கே போய்ச் சேரலை, அதான் டைம் அவுட்.

(1982ல எஸ்எம்டிபி எழுதினப்ப அதுல பாஸ்வேர்டுன்னு ஒண்ணே கிடையாது. நெட்டுல இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பின காலம். மெயில் புரோகிராமுக்குன்னு 587ஆம் போர்ட்டை ஒதுக்கினது 1998ல, பாஸ்வேர்டு கேக்கிற வழி வந்தது 1999ல. உங்க செட்டிங் அதுக்கும் முந்தின காலத்து வழக்கம்.)

கண்ட்ரோல் பேனல்ல மெயில், அக்கவுண்ட், மோர் செட்டிங்ஸ் போங்க. அவுட்கோயிங் சர்வர் டேப்ல அங்கீகாரம் வேணும்கிற கட்டத்தை டிக் பண்ணி, இன்கமிங் சர்வருக்குள்ள அதே விவரம்னு விடுங்க. அட்வான்ஸ்டு டேப்ல 25ஐ 587ஆ மாத்துங்க.

அச்சுமை:

நன்றி தம்பி. டிக் இல்லாமத்தான் இருந்துச்சு, போர்ட்டும் 25தான். நீங்க சொன்னபடி மாத்திட்டு, கீழ என்கிரிப்ஷன்ல பாதுகாப்பா இருக்கட்டும்னு எஸ்எஸ்எல் போட்டேன். இப்ப ஃபைபர்லயும் சுத்திக்கிட்டே இருக்கு. முன்னாடியாவது 554ன்னு மூஞ்சியில அடிச்சுது, இப்ப அதுவும் இல்லை.

தூத்துக்குடி சர்வர்காரன்:

அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறது. 587ல முதல்ல சாதாரணமா வணக்கம் சொல்லிட்டு, அப்புறம்தான் பூட்டிக்கிட்டுப் பேசணும். நீங்க எஸ்எஸ்எல் போட்டா அவுட்லுக் எடுத்த எடுப்புல பூட்டோட வந்து நிக்குது. சர்வர் சாதாரணமாப் பேசுது, அவுட்லுக் பூட்டோட பேசுது, ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியலை. 587னா டிஎல்எஸ், 465னா எஸ்எஸ்எல். புது அவுட்லுக்ல முதலாவதுக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ்னு பேர் போட்டிருக்கும்.

அப்புறமும் சுத்தினா சொல்லுங்க. பவர்ஷெல்ல டெஸ்ட் நெட்கனெக்‌ஷன்னு ஒரு கட்டளை இருக்கு. சர்வர் பேரும் போர்ட் எண்ணும் கொடுத்தா வழி திறந்திருக்கா இல்லையான்னு அதுவே சொல்லிடும்.

அச்சுமை:

டிஎல்எஸ் போட்டேன். 535 வந்துச்சு, அங்கீகாரம் தோல்வின்னு. பழைய பாஸ்வேர்டையா வச்சிருக்குன்னு பாத்தா, அது சரிதான். யூசர்நேம்லதான் முகவரியோட முன்பாதி மட்டும் இருந்துச்சு. மெயில் வாங்க அதுவே போதும்போல, அனுப்பத்தான் முழு முகவரி கேக்குது. மாத்தினேன். போயிருச்சு! ஹாட்ஸ்பாட்லயும் போகுது.

ஒரே ஒரு பிடிஎஃப் மட்டும் 552ன்னு திரும்பிடுச்சு. அளவு கூடிப்போச்சாம். 18 எம்பிதான், கம்பெனி 20 வரைக்கும் விடறான்.

ஓட்டைமோடம்:

அண்ணே, இதுக்காவது என் பதில் சரியா இருக்கும். மெயில்ல ஃபைல் போகும்போது 3 பைட்டு 4 பைட்டா மாறும். உங்க 18 அங்க போய்ச் சேரும்போது 24ஐத் தாண்டிடும். கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் கொடுங்க.

இன்னொண்ணு, பழைய கனெக்‌ஷனை அவசரப்பட்டு சரண்டர் பண்ணிடாதீங்க. மெயில் கணக்கும் அதோட போயிடலாம். சொந்தமா ஒரு டொமைன் வாங்கிட்டு, அடுத்த வருஷ காலண்டர்ல அதை அடிங்க.

அச்சுமை:

டொமைன் வாங்கிடறேன் தம்பி. 2,000 விசிட்டிங் கார்டு மிச்சம் கிடக்கு, அதுதான் வயிறு எரியுது.

ஒரு கூத்து நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். செட்டிங் சரியான அடுத்த நிமிஷமே, ஹாட்ஸ்பாட்ல போட்டப்ப அவுட்பாக்ஸ்ல சிக்கின ஏழு மெயிலும் தானா கிளம்பிப் போயிருச்சு. அதுல ஒண்ணு, நாகர்கோவில் நகைக்கடைப் பார்ட்டியோட முதல் ப்ரூஃப். ஏகாதசி ஒருநாள் தள்ளி விழுந்திருந்தது. திருத்தினதை வாட்ஸாப்புல மூணு நாள் முன்னாடியே அனுப்பியாச்சு. அவரு இப்ப வந்த மெயிலைத்தான் கடைசி ப்ரூஃப்னு நினைச்சு, "ஓகே, அடிங்க"ன்னு பதில் போட்டிருக்காரு.

நல்லவேளை, மேனேஜர் ப்ளேட் போடறதுக்கு முன்னாடி, எந்த ப்ரூஃப்னு ஒரு வார்த்தை கேட்டாரு.