கராத்தே பிளாக் பெல்ட் கிரேடிங்குக்கு (தேர்வுக்கு) மூச்சு பத்தலை: மெதுவா நிறைய ஓடணுமா, வேகமா கொஞ்சம் ஓடணுமா?

புலியகுளம்_அம்மா:
வணக்கமுங்க. கோயமுத்தூர், வயசு 38, ரெண்டு பசங்க. ஷோட்டோகான் கராத்தே, பிரவுன் பெல்ட். சாயங்காலம் வாரத்துல மூணு நாள் கிளாஸ். கட்டா (தனியா வரிசையாச் செய்யற அசைவுகள்) நல்லா வருது. குமிதேயில (எதிராளியோட சண்டைப் பயிற்சி) ஒரு நிமிஷம் தாண்டினா கார்டு (தடுக்கத் தூக்கி வச்ச கை) தானா இறங்கிடுது, மூச்சு வாங்குது. மாஸ்டர் "ஓடுங்க"ன்னார், எப்படின்னு சொல்லலை. எனக்குக் கிடைக்கிறது காலைல அஞ்சுல இருந்து அஞ்சே முக்கால். அப்புறம் டிபன், மதியச் சாப்பாடு கட்டறது, ஸ்கூல் வேன். வீட்டுக்காரர் மில்லுல நைட் ஷிப்ட் போற வாரம் பசங்களை விட்டுட்டு வெளிய போக முடியாது. மெதுவா ஓடறதா, ஸ்பிரின்ட்டா?

திருப்பூர்_பாக்ஸர்:
ஸ்பிரின்ட்தான் அக்கா, யோசிக்கவே வேண்டாம். குமிதே மூணு நிமிஷம். அதுல பாயறது, அடிக்கறது, விலகறது எல்லாம் ரெண்டு மூணு செகண்ட் வேலை. முக்கால் மணி நேரம் ஒரே வேகத்துல ஓடிப் பழகினா உடம்பு அந்த வேகத்துக்குத்தான் பழகும். ஜப்பான்ல தபாட்டாங்கற ஆராய்ச்சியாளர் 1996ல பண்ணின ஆராய்ச்சியைப் பாருங்க. 20 செகண்ட் முழு பலம், 10 செகண்ட் ஓய்வு, ஏழெட்டு தடவை. நாலு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆறு வாரத்துல அவங்க ஆக்ஸிஜன் எடுக்கற திறன், வாரத்துல அஞ்சு நாள் ஒரு மணி நேரம் மிதமா பண்ணினவங்களுக்குக் குறையாம ஏறுச்சு. மூச்சு முட்ட வேலை செய்யற திறன் 28 சதவீதம் கூடுச்சு. மிதமா பண்ணினவங்களுக்கு அது கூடவே இல்லை. நேரமில்லாத அம்மாவுக்கு இதைவிட என்ன வேணும்?

மெல்லோட்டம்:
தம்பி, அதே ஆராய்ச்சியை முழுசா சொல்லுங்க. அதுல கலந்துகிட்டவங்க உடற்கல்வி படிச்ச இளைஞர்கள். ஓடலை, லேப்ல சைக்கிள் மிதிச்சாங்க. அந்த நாலு நிமிஷக் குழுவும் வாரத்துல ஒரு நாள் 30 நிமிஷம் மிதமான வேகத்துல மிதிச்சுது. இதை மட்டும் யாருமே எழுதறதில்லை.

இந்த அம்மா சாயங்காலம் ஜென்குட்சு நிலையில (முன்கால் மடக்கி, பின்கால் நீட்டி) தொடை நடுங்க நின்னுட்டு, பசங்களைத் தூங்க வச்சு, அரைகுறையாத் தூங்கி, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வார்ம்-அப்கூட இல்லாம தார் ரோட்டுல முழு வேகத்துல பாய்ஞ்சா தொடைப் பின்தசை பிடிச்சுக்கும். பிடிச்சா வாரக்கணக்குல ஓட்டமும் போச்சு, கிளாஸும் போச்சு.

இன்னொண்ணு. ஒரு பாய்ச்சலுக்கு எரியற கிரியேட்டின் பாஸ்பேட் (தசையில இருக்கற உடனடி எரிபொருள்) அடுத்த பாய்ச்சலுக்குள்ள திரும்ப நிரம்பணும். நிரப்பறது ஆக்ஸிஜன். அவங்களுக்கு முதல் அடி நல்லாத்தான் விழுது, அடிகளுக்கு நடுவுல மீள முடியலை. அந்த மீட்சியை வளர்க்கறது மெதுவான ஓட்டம்தான். கடினமான பயிற்சிக்குக் கிளாஸே இருக்கு.

திருப்பூர்_பாக்ஸர்:
கடைசி வரியை நான் ஏத்துக்க மாட்டேன். பாதி கிளாஸ் வரிசையில நிக்கறதுலயே போகும். அக்கா, உங்க கிளாஸ்ல நிஜமா மூச்சு வாங்கற நேரம் எவ்வளவு?

புலியகுளம்_அம்மா:
ஒன்றரை மணி நேரக் கிளாஸுங்க. சின்னப் பசங்களும் கூடவே. அவங்க பெல்ட்டை அவுத்துக் கட்டவே நேரம் போயிரும். கிஹோன் (அடிப்படை அடி, தடுப்பு), கட்டா, திருத்தம். குமிதே சனிக்கிழமை மட்டும், எனக்கு ரெண்டு பவுட் (மோதல் சுற்று) கிடைச்சாப் பெருசு.

திருப்பூர்_பாக்ஸர்:
இதைத்தான் சொன்னேன். வாரத்துக்கு ஆறு நிமிஷம். இதுக்குப் பேர் கடினமான பயிற்சியா? பின்தசைதான் பயம்னா அபார்ட்மென்ட் படிக்கட்டு இருக்கு, மேடு இருக்கு. மேட்டுல கால் அவ்வளவு நீண்டு வீசாது, பிடிக்கற வாய்ப்பு குறைவு.

ஓசூர்_சென்சேய்:
ரெண்டு பேரும் ஓட்டத்தைப் பத்தியே பேசறீங்க. ஒரே நிமிஷத்துல கார்டு இறங்குதுன்னா நான் முதல்ல தோளைத்தான் பார்ப்பேன். எதிராளி அசைஞ்ச உடனே பலர் மூச்சைப் பிடிச்சுக்குவாங்க, தோள் காது வரைக்கும் ஏறிடும். அப்படி நின்னா நல்ல ஓட்டக்காரருக்கும் மூச்சு வாங்கும். ஒவ்வொரு குத்துக்கும் "ஸ்"னு வெளிய விடுங்கம்மா. கியாய் (அடிக்கறப்ப போடற சத்தம்) எதுக்கு வச்சிருக்காங்க? காத்து வெளிய வரத்தானே. சனிக்கிழமை பவுட்டை மொபைல்ல எடுக்கச் சொல்லி, வாய் எப்ப மூடிக்குதுன்னு பாருங்க.

மெல்லோட்டம்:
சென்சேய் சொன்னது ரொம்ப முக்கியம். மூச்சை விடற பழக்கம் இல்லாம எந்த ஓட்டமும் உதவாது.

பாக்ஸர் தம்பிக்கு: ஆறு நிமிஷம் குறைவுதான், மறுக்கலை. ஆனா வரிசை முக்கியம். முதல் ரெண்டு மாசம் மெதுவான ஓட்டம் மட்டும், கிளாஸ் இல்லாத நாள்ல. பக்கத்துல ஓடறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். இதயத் துடிப்பு காட்டற வாட்ச் இருந்தா மாஃபெட்டோன்ங்கற பயிற்சியாளரோட கணக்கு: 180ல வயசைக் கழிங்க, இவங்களுக்கு நிமிஷத்துக்கு 142 துடிப்பு. அதைத் தாண்டினா நடங்க. கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுத்து சுமாரா இரண்டரை கிலோமீட்டர். ஆரம்பத்துல பாதி நடையாத்தான் இருக்கும். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிடாதீங்க. அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் மேடு.

திருப்பூர்_பாக்ஸர்:
ரெண்டு மாசம் ரொம்ப அதிகம். கிரேடிங் தேதி வந்துரும். முதல் வாரத்துல இருந்தே ஒரு நாள் படிக்கட்டு சேர்க்கணும், 20 செகண்ட் ஏறி, நிதானமா இறங்கி, நாலே தடவை. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் வாரத்துல வேற என்ன பண்ணுவாங்க?

மெல்லோட்டம்:
பசங்க தூங்கறப்ப வாசல்லயே நின்ன இடத்துல மெதுவா ஜாகிங், ஸ்கிப்பிங். அதுவும் மூச்சுக்கு வேலைதான். தூக்கம் அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ போன அன்னிக்குப் படிக்கட்டு கூடாது.

புலியகுளம்_அம்மா:
ரொம்ப நன்றிங்க. செவ்வாயும் ஞாயிறும் ரேஸ் கோர்ஸ்ல மெதுவா ஓடறேன். எங்க பில்டிங்ல மூணு மாடி இருக்கு, வியாழக்கிழமை படிக்கட்டு. ஆனா பாக்ஸர் தம்பி, முதல் மாசம் நடந்துதான் ஏறுவேன். எனக்குக் கால் பிடிச்சா சின்னவனைத் தூக்க ஆளில்லை. சனிக்கிழமை வீடியோ எடுக்கப் பெரியவன் ஒத்துக்கிட்டான். சென்சேய், வாய் மட்டும் பார்த்தாப் போதுமா, இல்ல தோளும் தெரியற மாதிரி பக்கவாட்டுல எடுக்கணுமா?

ஓசூர்_சென்சேய்:
பக்கவாட்டுல, இடுப்புக்கு மேல. சத்தமும் பதிவாகட்டும். மூச்சு விடறது காதுல கேக்கணும்.