பழைய கேம் ஆட எந்தக் கருவி? சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை எனக்கு. கையில் மியோ மினி பிளஸ், அண்ணன் மகனிடம் ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச், இரண்டுமே பழைய கேம்களைக் கையில் வைத்து ஆடுகிற சின்னக் கருவிகள். இரண்டிலும் நிறைய ஆடிவிட்டேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கே பார்த்தாலும் சிப்பு, ரேம் என்றுதான் பேச்சு. என்னைக் கேட்டால் முதலில் திரையின் வடிவத்தைப் பாருங்கள். இந்த இரண்டுமே 3.5 அங்குலம், 640க்கு 480 புள்ளிகள் (பிக்சல்), அதாவது அகலமும் உயரமும் பழைய டிவி போல 4:3. மைக்ரோ ஜீனியஸ் என்ற பழைய டிவி கேம் பெட்டியில் கேட்ரிட்ஜை ஊதி ஊதிப் போட்டு ஆடின நம்ம வயசுக்காரர்களுக்கு இது போதும், ஏனென்றால் அந்தக் கால கேம்கள் டிவிக்காகச் செய்தவை, பிளேஸ்டேஷன் 1 கேம்கள் பலவும் 320க்கு 240தான், அப்படியே இரண்டு மடங்காகி ஒரு ஓரம்கூட மிச்சமில்லாமல் உட்காரும். நின்டென்டோவின் பழைய கைக்கருவி கேம்பாய் அட்வான்ஸ் வேறு கதை. அது 240க்கு 160, இதில் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. அதில் வந்த போக்கிமோன் மட்டும்தான் ஆடுவேன் என்கிறவர் ஆன்பெர்னிக்கின் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் வாங்கலாம், 720க்கு 480 திரை, சரியாக மூன்று மடங்கு. பிஎஸ்பி, அதாவது சோனியின் அகலத்திரைக் கைக்கருவி, அதன் கேமை நம்ம 4:3 திரையில் போட்டால் கால்வாசித் திரை வீண், எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடணும்.

மியோவில் நான் ஆனியன் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருள் போட்டிருக்கிறேன். சைரன் அடித்ததும் பவர் பட்டனை அழுத்தி ஆஃப் செய்தால் போதும், விட்ட இடத்தைத் தானே சேமித்துக்கொள்ளும், அடுத்த ஓய்வில் அங்கிருந்தே தொடரலாம். ஷிப்டு வேலைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! குறை என்றால் எல்லாப் பக்கமும் சாய்த்து ஆடுகிற அனலாக் குச்சி கிடையாது, கை பெரிதாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கும். அண்ணன் மகனின் எச் அகலமானது, இரண்டு குச்சி உண்டு, எச்டிஎம்ஐ வழியாக டிவியிலும் போடலாம். தீபாவளிக்குப் பிள்ளைகள் கூடினால் அதுதான் வசதி.

*

அண்ணே, நான் பீடோர். மகனுக்கு ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எஸ்பி வாங்கினேன், மடக்குகிற மாதிரி. பையில் போட்டாலும் திரையில் கீறல் விழாது, அதற்காகவே எடுத்தது. கருவி நன்றாகத்தான் இருக்கிறது, கூட வந்த மெமரி கார்டுதான் பெயரில்லாத மட்டமான சரக்கு. ஒருநாள் காலையில் திறந்தால் எதுவுமே வரவில்லை, அவன் சேமித்து வைத்ததெல்லாம் போச்சு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகை வேறு. ஆன்லைனில் விற்றவர் பதிலே போடவில்லை. வாங்கின அன்றே நல்ல கம்பெனி கார்டு ஒன்று போட்டு, பழையதை அப்படியே அதில் காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, பிளேஸ்டேஷன் 2 இதில் ஓடுமா? கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

*

ஓடாது தங்கச்சி. எஸ்பி, எச் இரண்டுக்கும் ஒரே எச்700 சிப்பு, அதில் பிஎஸ்பியே லேசான கேம்கள்தான் ஒழுங்காக ஓடும், காட் ஆஃப் வார் மாதிரி கனமானதெல்லாம் திக்கித் திணறும். நின்டென்டோ 64கூட கேமுக்குக் கேம் மாறும். பிளேஸ்டேஷன் 2 வேண்டுமென்றால் ஸ்னாப்டிராகன் 865 உள்ள ரெட்ராய்ட் பாக்கெட் 5 மாதிரி ஆண்ட்ராய்டு கருவிக்குப் போகணும். விலை எங்கேயோ போய்விடும், சட்டைப் பையிலும் அடங்காது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது வேண்டாம் என்பேன், கையில் இருப்பதிலேயே ஆடி முடிக்காத கேம் எத்தனையோ இருக்கும்.

கார்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மாதம் ஒருமுறை சேவ் ஃபோல்டரை மட்டும் கணினியில் போட்டு வையுங்கள், சின்ன ஃபைல்கள்தான். சார்ஜுக்கும் போனோடு வந்த ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம், சாதாரண 5 வோல்ட் அடாப்டரே போதும்.

கேமரன் மலைப் பக்கம் யாராவது ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் வைத்திருந்தால் பட்டன் எப்படி என்று எழுதுங்கள், அடுத்த போனஸுக்கு அதில்தான் ஒரு கண்.