செல்போனா, கிரைண்டரா? நம் வீட்டை அதிகம் மாற்றியது எது?

சிக்னல் இல்லை:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நம் வாழ்க்கையை மாற்றிய கண்டுபிடிப்பு எது" என்று கேட்டுவிட்டார். ஆளாளுக்கு மிக்ஸி, கேஸ் அடுப்பு, கொசுவத்தி வரைக்கும் போய்விட்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செல்போன்தான். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டும். பெரிய டாக்டரும் ரியல் எஸ்டேட்காரரும் மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். இன்றைக்குப் பூக்காரம்மாவின் கூடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. பேங்க், ரயில்வே கவுண்டர், கேமரா, டார்ச், அலாரம், பஞ்சாங்கம் எல்லாமே சட்டைப் பையில். மற்றவை எல்லாம் ஒரே ஒரு வேலையைச் சுலபமாக்கிய சாமான்கள். இதைவிடப் பெரியது ஒன்று இருந்தால் சொல்லுங்கள். அம்மா பட்ட கஷ்டம் என்று அழாமல் சொல்ல வேண்டும்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
கிரைண்டர். அழாமலேயே சொல்கிறேன்.

"ஒரே ஒரு வேலை" என்று தள்ளிவிட்டீர்களே, அது என்ன வேலை என்று பார்ப்போம். ஆட்டுக்கல் முன்னால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார வேண்டும். வலது கை குழவியைச் சுற்றும். குழவி தாண்டிப் போகிற அந்த இடைவெளியில், விளிம்புக்கு ஏறிவரும் மாவை இடது கை குழிக்குள் தள்ளிவிடும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்துக்குத் தண்ணீரை மடக்கென்று ஊற்றவும் கூடாது, தெளித்துத் தெளித்து அரைத்தால்தான் பொங்கும். அது முடிந்தால் அரிசி. தோள்பட்டையைக் கழற்றுவது அரிசிதான். பெரிய குடும்பம் என்றால் பொழுது சாய்ந்துவிடும்.

கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி கிரைண்டர் செய்தார் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. பழைய பெரிய கிரைண்டரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நின்ற இடத்தில் நிற்கும், கல் சுற்றும். அந்த இடது கை வேலையை ஓரத்தில் ஒட்டி நிற்கும் ஒரு பலகைத் துண்டு பார்த்துக்கொள்ளும். கை செய்ததை அப்படியே இயந்திரத்தைச் செய்யவைக்கப் பார்க்காமல் தலைகீழாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், கண்டுபிடிப்பு என்றால் எனக்கு அதுதான். கல் எங்கள் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

காயில் கட்டு:
மோட்டார் ரீவைண்டிங், அதாவது கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் வேலை, பண்ணிச் சாப்பிடுகிறவன் நான். வெண்ணெய் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அது ஏன் கோவையில் வந்தது? ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-லேயே அங்கே எலக்ட்ரிக் மோட்டார் செய்துவிட்டார்கள். நூற்பாலை, பம்ப்செட், ஃபவுண்டரி, தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. மோட்டாரும் பெல்ட்டும் பேரிங்கும் ஊருக்குள்ளேயே கிடைக்கிற இடத்தில்தான் ஒருவருக்குக் கல்லைச் சுற்றவைக்கத் தோன்றும்.

மிக்ஸியைப் பற்றியும் மேலே ஒரு பேச்சு வந்தது. மிக்ஸி வேறு ஜாதி. அதன் மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். பிளேடு வெட்டும், மாவு சூடாகும், அதனால்தான் மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கல் மெதுவாகச் சுற்றி நசுக்குகிறது, உளுந்து காற்றை வாங்கிக்கொள்கிறது, சூடும் ஏறுவதில்லை. இட்லி மெத்தென்று வருவது இதனால்தான். மிக்ஸிக்கும் நல்ல கதை ஒன்று உண்டு. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினியர், வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி பழுதாகி, சரிசெய்ய வழியில்லாமல், 1963-ல் நம் மசாலாவுக்குத் தாங்குகிற மாதிரி தானே ஒன்றைச் செய்தார். அதுதான் சுமீத்.

சிக்னல் இல்லை:
கதைகள் நன்றாக இருக்கின்றன. வாதத்துக்கு வருவோம்.

ஒன்று, கிரைண்டர் எத்தனை வீட்டுச் சாமான்? இட்லி தின்கிற நான்கைந்து மாநிலம். ரொட்டி சுடுகிற வீட்டுக்கு அது வெறும் பாரம். இரண்டு, வேலையைக் குறைத்தது என்கிறீர்கள். முன்பு இட்லி தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். கிரைண்டர் வந்ததும் காலையில் இட்லி, ராத்திரி தோசை என்றாகிவிட்டது. அரைக்கிற கஷ்டம் போனது, சுடுகிற கஷ்டம் ஏறியது. தோசைக்கல் முன்னால் நிற்பது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது என் பக்கம். 1997 ஜனவரி 14, கேரளாவில் வடகரை கடற்கரை. மத்தி மீனோடு கரைக்கு வந்த 11 மீனவர்களுக்கு வாங்க ஆளில்லை, பிடித்ததைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கரையோரம் செல்போன் கோபுரம் வந்தது. படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்க ஆரம்பித்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவருடைய லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டார். ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. கிரைண்டர் இப்படி ஒரு சந்தையைச் சரிசெய்திருக்கிறதா?

கரிசல் மண்:
இரண்டு பேரும் வசதியான வீட்டில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கம்பும் சோளமும்தான் சோறு, உரலும் உலக்கையும்தான் கருவி. இட்லி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுங்கள் பார்ப்போம்.

என் ஓட்டு அடிபம்புக்கு. அதிலும் எந்த அடிபம்பு என்று சொல்ல வேண்டும். முதலில் கிராமங்களில் போட்டது வார்ப்பிரும்புப் பம்பு. ஒரு வீட்டுக்காரர் காலையில் இரண்டு வாளி அடிக்கிறதற்குச் செய்தது. ஊரே வரிசையில் நின்று விடிகாலையிலிருந்து இருட்டும்வரை அடித்தால் எது தாங்கும்? உடைந்து கிடந்தது. அப்புறம் 1970-களில் யூனிசெஃப் துணையோடு இந்தியா மார்க் 2 உருவானது. சோலாப்பூரில் புழங்கிய ஒரு பம்பைப் பார்த்து, அதன் வழியில் எஃகில் செய்தார்கள். கோவைப் பக்கம் ஊர்களில் நட்டுச் சோதித்தார்கள், சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். நீளக் கைப்பிடி, மூடிய தலைப்பெட்டி, உள்ளே சங்கிலி, கீழே தோல் வாஷர். உலகத்தில் மிக அதிகமாக நட்ட கைப்பம்புகளில் அது ஒன்று. இங்கிருந்து ஆப்பிரிக்கா வரை போனது.

கிணற்றில் வாளி விட்டு இறைப்பதும், பத்து வயதுப் பிள்ளை இரண்டு கையால் தொங்கி அடித்துக் குடம் நிரப்புவதும் ஒன்றா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்க்கிணற்றில் யார் வாளி விடலாம், யார் ஒதுங்கி நின்று அடுத்தவர் ஊற்றுவதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. தெருவுக்குள்ளேயே பம்பு வந்த பிறகு அந்தத் தெருக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பம்பிலும் சண்டை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஊத்துக்குளி வெண்ணெய்:
கரிசல், அடிபம்பு பெரிய விஷயம்தான். ஆனால் கேள்வி வீட்டுக்குள் மாறியதைப் பற்றி.

கரிசல் மண்:
தண்ணீர் வீட்டுக்குள் வராமல் உங்கள் கல்லை எதைக்கொண்டு கழுவுவீர்கள்?

சிக்னல் இல்லை:
சரியான கேள்வி. கூடவே இன்னொன்று. 2012-ல் சென்னையை விட்டு வெளியே எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது? உளுந்து பாதி அரைபட்டுக் கிடக்க, கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து ஊரே மின்சார வாரியத்தைத் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? கையால் சுற்றவும் முடியாத கல் அது. ஆட்டுக்கல்லைத்தான் அதற்கு முன்பே தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டோமே.

காயில் கட்டு:
அந்த வருஷம் உங்கள் செல்போன் மட்டும் காற்றிலா சார்ஜ் ஏறியது?

மாவுக்கடை அக்கா:
தம்பிகளா, படித்துக்கொண்டே வந்தேன். அரைப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், கல்லைத் தூக்கிக் கழுவுவதைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதிலிருந்தே தெரிகிறது.

வீட்டு வாசலில் "இட்லி மாவு கிடைக்கும்" என்று சிலேட்டில் எழுதி வைத்துத்தான் என் பிழைப்பு. நான் ஆரம்பித்தது 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் மிக்ஸி, ஃபேனோடு கொடுத்தார்களே, அந்த விலையில்லா கிரைண்டரில். சின்னதுதான். எதிர் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று அரைத்துக் கொடுத்தேன். அப்புறம் பெரியது வாங்கினேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்போது கிரைண்டர் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது, மாவு என்னிடம்தான் வாங்குகிறார்கள். அதனால் சிக்னல் தம்பி கேட்ட சந்தைக் கேள்விக்கு நானே பதில். என்னைப் போல ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாக்கெட்டில் போட்டுக் கம்பெனியே நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், பெங்களூரில் 2005-ல் ஆரம்பித்த ஐடி ஃபிரெஷ் மாதிரி.

ஆனால் கிரைண்டரே எல்லாம் என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கிரைண்டர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். சித்திரை மாதத்தில் காலையில் அரைத்தது சாயங்காலமே பொங்கி வழியும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. ஆக, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊறப்போட வேண்டும், அரைக்க வேண்டும், கழுவ வேண்டும். ஒரு தடவை அரைத்து வாரம் முழுக்க ஓட்டுவது ஃப்ரிட்ஜ் வந்த பிறகுதான். அதை இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை.

போனும் வேண்டும்தான். காசு போட்டதும் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். மாதா மாதம் வாடகை பிடிக்கிறார்கள். காலை ஏழு மணிக் கூட்டத்தில் அது ஊமையாகிவிடும். "போட்டுட்டேன்கா" என்று திரையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ராத்திரி கணக்குப் பார்த்தால் இரண்டு கிலோ மாவுக்குக் காசு வந்திருக்காது. பத்து ரூபாய்த் தாள் எனக்குப் பொய் சொன்னதில்லை.

இப்போது எனக்குக் கிரைண்டரும் மக்கர் பண்ணுகிறது. சுவிட்ச் போட்டால் உர்ரென்று உறுமிக்கொண்டு நிற்கிறது. கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறது.

சிக்னல் இல்லை:
அக்கா, அந்தப் பெட்டி ஊமையானால் உங்கள் போனிலேயே எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்க்கலாமே. யூபிஐ 2016-ல்தான் வந்தது, இவ்வளவு சீக்கிரம் தெருக்கடைவரை வந்த வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சில்லறைத் தட்டுப்பாட்டில் மிட்டாய் கொடுத்துச் சமாளித்ததை மறந்துவிட்டீர்களா? ஃப்ரிட்ஜ் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்கிறேன், அது வெண்ணெய்யின் வாதத்தைத்தான் குறைக்கிறது.

மாவுக்கடை அக்கா:
இரண்டு கையும் மாவாக இருக்கிறது, எந்தக் கையால் எஸ்எம்எஸ் பார்ப்பது தம்பி?

ஊத்துக்குளி வெண்ணெய்:
இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்னல் இல்லை:
நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அரைக்கிற நேரம் மிச்சமானதே, அது யாரிடம் போனது? பெரும்பாலான வீட்டில் அந்த நேரத்தில் அதே ஆள் வேறு வீட்டு வேலை பார்த்தார். போன் அப்படி இல்லை. அது அந்த ஆளுக்கே சொந்தமான ஒன்று. கணவரிடம் கேட்காமல் தன் கணக்கில் பணம் வந்ததா என்று பார்க்கலாம், அம்மா வீட்டோடு பேசலாம்.

கரிசல் மண்:
சொந்தமாகப் போன் வைத்திருக்கிற பெண்களுக்கு அது சரி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு நல்ல போன், அது பையன் கையில். அவன் கேம் ஆடி முடித்தால்தான் அம்மாவுக்கு. கிரைண்டரையும் அடிபம்பையும் எந்தப் பையனும் பிடுங்கிக்கொண்டு ஓடமாட்டான்.

காயில் கட்டு:
விவாதம் நடக்கட்டும். அக்கா, முதலில் உங்கள் கிரைண்டர். உறுமிக்கொண்டு நின்று, தள்ளினால் ஓடுகிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை கண்டன்சர்தான். மோட்டார் புறப்படுவதற்குத் தள்ளிவிடுகிற வேலையை அதுதான் செய்யும், அது செத்துவிட்டதால் உங்கள் கை செய்கிறது. இப்படியே தள்ளித் தள்ளி ஓட்டாதீர்கள். உறுமுகிற ஒவ்வொரு நொடியும் காயில் சூடாகும், கருகிவிட்டால் என் மாதிரி ஆளிடம் ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டி வரும். பழைய கண்டன்சர் மேல் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று அச்சடித்திருக்கும், அதே எண்ணுக்கு வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும், இரண்டு முனையையும் தொடக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுவதே நல்லது.

சிக்னல் இல்லை:
கிரைண்டருக்கு வைத்தியம் எதில் வந்தது என்று எல்லோரும் கவனித்தீர்களா?

மாவுக்கடை அக்கா:
கவனித்தோம், கவனித்தோம். காயில் தம்பி, கண்டன்சரை நாளைக்கே மாற்றச் சொல்கிறேன். பெல்ட்டும் வழுக்குகிறது, அரிசி போட்டால் கல் மெதுவாகிவிடுகிறது. அதையும் சேர்த்தே மாற்றிவிடலாமா, இல்லை மோட்டாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து போல்ட்டை முடுக்கினால் போதுமா?