வைஃபை பேருக்குக் கீழ "வீக் செக்யூரிட்டி"ன்னு வந்துச்சா? உங்க கதையையும் சொல்லுங்க

திருநகர் பென்ஷனர்:

பெங்களூர்ல இருக்கிற மகன் தீபாவளிக்கு வந்தப்ப அவன் பழைய ஐபோனை எங்கிட்டக் கொடுத்துட்டுப் போனான். அதுவரை நான் வச்சிருந்த ஆண்ட்ராய்டுல இந்த வம்பே கிடையாது. இதுல வைஃபை பக்கத்தைத் திறந்தா எங்க வீட்டு நெட் பேருக்குக் கீழ பொடி எழுத்துல "வீக் செக்யூரிட்டி". பென்ஷன் கணக்குப் பார்க்கிறது இந்தப் போன்லதான். ரெண்டு ராத்திரி சரியாத் தூங்கல.

மூணாம் நாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "வைரஸ் ஏறிருச்சு சார். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தணும், 800 ரூபா ஆகும்"னான். நல்லவேளை, பையில 300 ரூபாதான் இருந்துச்சு. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

திரும்புற வழியில பசுமலையில தங்கச்சி வீட்ல ஒரு வாய் காப்பி குடிக்க இறங்கினேன். மருமகன் அவங்க வைஃபை பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தான். அங்க அந்த எழுத்தே வரல! அதே போன், அதே நாள். அப்ப வைரஸ் எங்க போச்சு? கோளாறு போன்ல இல்ல, நம்ம வீட்டு ரவுட்டர்லன்னு அங்கதான் உறைச்சது.

வீட்டுக்கு வந்து நெட் பேருக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன "ஐ" எழுத்தைத் தொட்டேன். விவரமா எழுதியிருக்கு. டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 டிகேஐபி பாதுகாப்பானதாக் கருதப்படுறதில்ல, உங்க ரவுட்டர்னா டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் இல்ல டபிள்யூபிஏ3க்கு மாத்துங்கன்னு. எல்லாம் வைஃபைக்குப் போடுற பூட்டோட ரகங்கள், டிகேஐபி பழசு, ஏஇஎஸ் அதுக்கப்புறம் வந்தது. நோயும் சொல்லி மருந்தும் சொல்லியிருக்கு. நான்தான் படிக்காம பஸ் ஏறிப் போயிருக்கேன். 2020ல வந்த ஐபோன் சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 14ல இருந்தே இந்த எச்சரிக்கை உண்டாம்.

மாத்துறது பெரிய வித்தை இல்ல. ரவுட்டரைக் கவுத்தா அடியில ஒரு ஸ்டிக்கர். எங்களுதுல 192.168.1.1னு இருந்துச்சு, சிலதுல 192.168.0.1னு இருக்கும். அதே வைஃபைல இருந்துக்கிட்டு பிரவுசர்ல அந்த எண்ணைப் போட்டா ரவுட்டரோட உள் பக்கம் வரும். ஆனா உள்ள போற பாஸ்வேர்டை கேபிள்காரர் மாத்தி வச்சிருந்தார். "இந்தா வர்றேன் சார்"ங்கிற சொல்லுக்கு மதுரையில நாலு நாள்னு அர்த்தம். அஞ்சாம் நாள் போன்லயே சொல்லிட்டார். வயர்லெஸ், அதுக்குள்ள செக்யூரிட்டி. "டிகேஐபி அண்ட் ஏஇஎஸ்"னு இருந்ததை "ஏஇஎஸ்" மட்டும்னு ஆக்கி சேவ் பண்ணினேன். நெட் ஒரு நிமிஷம் போய்த் திரும்ப வந்துச்சு. போன்ல அந்த நெட்டை "ஃபர்கெட்" கொடுத்து மறுபடி சேர்ந்தேன். எழுத்து போயிருச்சு. செலவு பசுமலை பஸ் டிக்கெட் மட்டும்.

செல்லூர் துண்டு வியாபாரி:

சார், எனக்கு எச்சரிக்கையை விட ஸ்பீடுதான் தலைவலி. 100 எம்பிபிஎஸ்னு காசு வாங்குறாங்க, கடையில 20 தாண்டல. கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டையெல்லாம் போட்டேன். கடைசியில பார்த்தா ரவுட்டர் வெறும் டிகேஐபில நிக்குது. அந்தப் பூட்டுல இருந்தா வைஃபை பழைய 54 எம்பிபிஎஸ்க்கு மேல ஏறாதாம். அதுவும் காத்துல போற கணக்கு, கைக்கு வர்றது அதுல பாதிகூடத் தேறாது. ஏஇஎஸ் மாத்தின அன்னிக்கு 60 சொச்சம் காட்டுச்சு. சண்டை போட்டதுக்கு அந்தப் பொண்ணுக்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு நினைச்சேன், கேட்கல.

ஆனா ஒண்ணு. மாத்தினதும் குடோன் கேமரா செத்துப்போச்சு. வாங்கி எத்தனை வருஷம்னு எனக்கே ஞாபகம் இல்ல, அதுக்கு ஏஇஎஸ்ஸே தெரியல. ஒரு கேமராவுக்காகக் கடை முழுக்கப் பழைய பூட்டா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டேன்.

கேபிள் நெட் தம்பி:

ஐயா, அந்த "இந்தா வர்றேன்" கோஷ்டியில நானும் ஒருத்தன்தான். ஏன் அப்படி வச்சிட்டுப் போறோம்னு சொல்லிர்றேன்.

ஒரு தெருவுல நாப்பது வீடு. ஒரு வீட்ல புதுப் போன், அடுத்த வீட்ல பழைய லேப்டாப், அதுக்கடுத்து எந்தக் காலத்துதுன்னே தெரியாத பிரிண்டர். டிகேஐபி, ஏஇஎஸ் ரெண்டையும் கலந்து வச்சா எல்லாம் கனெக்ட் ஆயிரும், ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் வராது. அம்புட்டுதான் காரணம். கலந்து வச்சா என்ன ஆகும்னா, உங்க போன் தனக்குன்னு ஏஇஎஸ் பேசினாலும், ரவுட்டர் எல்லாருக்கும் பொதுவா அனுப்புறது டிகேஐபிலதான் போகும். கூட்டத்துல பழசுக்கும் புரியணும்ல? அதனாலதான் நல்ல போன்லயும் எச்சரிக்கை வருது.

டிகேஐபி வந்ததே ஒட்டுப்போடத்தான். 1997ல வந்த வெப் (WEP)-ங்கிற பூட்டை 2001லயே ஆராய்ச்சிக்காரங்க உடைச்சுக் காட்டிட்டாங்க. ஊர்ல வித்த டப்பாவையெல்லாம் தூக்கிப் போட முடியுமா? அதே டப்பாவுல சாஃப்ட்வேரை மட்டும் மாத்தி ஓட்ட 2003ல டபிள்யூபிஏன்னு இதைக் கொண்டாந்தாங்க. அடுத்த வருஷமே ஏஇஎஸ்ஸோட டபிள்யூபிஏ2 வந்துருச்சு. ஒட்டு அப்படியே தங்கிப்போச்சு. யார் வீட்லயாவது இன்னும் வெப்னு இருந்தா சிரிக்காதீங்க, இந்த வருஷமே நான் ரெண்டு பார்த்துட்டேன்.

இன்னொரு விஷயம், திட்டக் கூடாது. நாங்க பாஸ்வேர்டா வைக்கிறது பெரும்பாலும் உங்க மொபைல் நம்பர். மறக்காதுல்ல! ஆனா டபிள்யூபிஏ2ல ஒருத்தன் உங்க போன் ரவுட்டரோட சேர்ற நேரத்துப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டான்னா, வீட்ல உக்காந்து ஒவ்வொரு நம்பரா ஒத்துப் பார்க்கலாம். 6, 7, 8, 9ல ஆரம்பிக்கிற பத்து இலக்கம் மொத்தமே 400 கோடி. நமக்குப் பெரிய தொகை, நல்ல கம்ப்யூட்டருக்கு இல்ல. இதைப் போன் எச்சரிக்காது. அது பூட்டு என்ன ரகம்னு மட்டும்தான் பார்க்கும், சாவி மிதியடிக்கு அடியில கிடக்குறது அதுக்குத் தெரியாது.

மேலூர் டீச்சர்:

தம்பி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று எங்கள் வீட்டில் பார்த்தேன். என் கணவரின் மொபைல் எண்ணேதான். போகட்டும்.

என் கதை வேறு. எச்சரிக்கை வந்ததும் எதற்கு அரைகுறை வேலை என்று நேரே டபிள்யூபிஏ3 போட்டுவிட்டேன். 2018இல் வந்தது, இதில் தம்பி சொன்ன மாதிரி பேச்சைப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஒத்துப்பார்க்கிற வேலை நடக்காது, ஒவ்வொரு முயற்சியையும் ரவுட்டரிடமே வந்து செய்தாக வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தே நிமிடத்தில் மாமியாரின் டேப்லெட் இணைய மறுத்தது, மகளின் பழைய போனும் அப்படியே. அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு ஆன்லைன் தேர்வுக்குப் பதிய வேண்டிய கடைசி நாள் வேறு. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதே பட்டியலில் "டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3" என்று இரண்டும் சேர்ந்த ஒன்று இருப்பதைக் கண்டேன். புதியவை மூன்றில் சேர்ந்துகொண்டன, பழையவை இரண்டில். ஐபோனும் எச்சரிக்கவில்லை. உங்கள் ரவுட்டரில் அது இருந்தால் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போதும். எடுத்தவுடன் மூன்றுக்குத் தாவாதீர்கள், முக்கியமாகக் கடைசி நாளில்.

லாட்ஜ் ரிசப்ஷன்:

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. சித்திரைத் திருவிழா நேரம், ரூம் எல்லாம் ஃபுல். ஆளாளுக்கு வந்து பாஸ்வேர்டு கேட்க, முதலாளி கடுப்பாகி "எடுத்து விட்டுருடா"ன்னுட்டாரு. பாஸ்வேர்டே இல்லாம ஓடுச்சு. கெஸ்ட் ஒருத்தர் போனைக் காட்டி, "என்னப்பா அன்செக்யூர்டுன்னு வருது"ன்னார். அது "வீக்" இல்ல, அதுக்கும் கீழ. வீக்னா துருப்பிடிச்ச பூட்டு, அன்செக்யூர்டுன்னா கதவே கிடையாது.

அவரே ஒரு விஷயம் சொன்னார். 2008ல அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷம் முன்னாடி வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில ஒரு வீட்டோட பூட்டில்லாத வைஃபைல இருந்து போயிருக்கு. அந்த வீட்டுக்காரருக்குச் சம்பந்தமே இல்ல, ஆனாலும் போலீஸ் விசாரணை முதல்ல அவர் வாசல்லதான். கேட்டதும் முதலாளி முகம் மாறிருச்சு. அன்னிக்கே கெஸ்டுக்குத் தனி நெட்வொர்க் போட்டு, வாரம் ஒரு பாஸ்வேர்டு மாத்தி, சாவிக்கொத்தோட ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்குறோம். பில் போடுற கம்ப்யூட்டர் வேற நெட்வொர்க்ல.

பஸ் ஸ்டாண்டு, டீக்கடைன்னு வெளிய வர்ற அன்செக்யூர்டை நம்மளால சரி பண்ண முடியாது. ரவுட்டர் நம்மளது இல்லையே. பணம் அனுப்புற வேலையை மொபைல் டேட்டாவுல முடிச்சுக்கிட்டா சரி.

கேபிள் நெட் தம்பி:

விட்டுட்டேன். ரவுட்டரோட அதே உள் பக்கத்துல டபிள்யூபிஎஸ்னு ஒண்ணு இருக்கும், வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே சேர்க்கிற வசதி, அதோட பின் நம்பரை ஆஃப் பண்ணிருங்க. பேர்லதான் எட்டு இலக்கம். ரவுட்டர் அதை ரெண்டு பாதியாப் பிரிச்சு சரி பார்க்குது, கடைசி இலக்கம் வேற மத்ததை வச்சுக் கணக்குப் போட்டு வர்றது. 11,000 தடவை தட்டினா எப்படியும் திறந்துரும். 2011லயே வெளிய வந்த சமாச்சாரம். ஏஇஎஸ் போட்டும் இதைத் திறந்து விட்டா பிரயோஜனம் இல்ல. ஐயா, பாஸ்வேர்டையும் மாத்திட்டீங்களா?

திருநகர் பென்ஷனர்:

மாத்திட்டேன் தம்பி. உங்க கணக்கைப் படிச்ச அன்னிக்கே. குறைஞ்சது எட்டு எழுத்து வேணுமாம், 63 வரைக்கும் போகலாமாம். நான் 19ல நிறுத்திக்கிட்டேன். ஊர்ப் பேரு, பலகாரப் பேரு, நடுவுல எண்ணு. இதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

செல்லூர் துண்டு வியாபாரி:

டிவி உடனே சேர்ந்துச்சா சார்?

திருநகர் பென்ஷனர்:

அதை ஏன் கேக்குறீங்க. ரிமோட்ல அம்புக்குறியை நகத்தி நகத்தி 19 எழுத்து. மூணு தடவை தப்பு. சீரியல் ஆரம்பிச்சிருச்சு. நாலாவது தடவை வீட்டம்மா ரிமோட்டை வாங்கி அவங்களே அடிச்சு முடிச்சிட்டாங்க. இப்ப அவங்களுக்கு மனப்பாடம், நான் இன்னும் நோட்டைப் பார்த்துத்தான்.